பியூனுக்கா, பாஸுக்கா? ஹார்ட் அட்டாக் யாருக்கு முதலில் வரும்?

இன்னைக்கு ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். ஒரு பெரிய அலுவலகம். மேல் மாடியில் ஒரு உயரதிகாரி. தலைக்கு மேல பொறுப்பு, நாள் முழுக்க மீட்டிங், ராத்திரி பத்து மணிக்கும் போன். கீழ்த்தளத்தில் ஒரு பியூன். கூப்பிட்டா ஓடணும், கொடுத்த ஃபைலைக் கொண்டுபோய்க் கொடுக்கணும், சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பிடலாம். இந்த ரெண்டு பேர்ல யாருக்கு ஹார்ட் அட்டாக் வர வாய்ப்பு அதிகம்?

நம்மில் பாதிப்பேர் உயரதிகாரியைத்தான் சொல்வோம். "பாவம், எவ்வளவு டென்ஷன்!" என்போம். ஒரு காலத்தில் மாரடைப்பைப் பெரிய பதவிக்காரர்களின் நோய் என்றே பலரும் நினைத்திருந்தார்கள்.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு நல்ல இடம் கிடைத்தது. லண்டனில் ஒயிட்ஹால் என்று ஒரு தெரு. பிரிட்டிஷ் அரசின் தலைமை அலுவலகங்கள் இருக்கும் பகுதி. நம்ம ஊர்ல 'கோட்டை'ன்னு சொன்னா தலைமைச் செயலகம்னு புரிஞ்சுக்கிற மாதிரி, அங்கே ஒயிட்ஹால்னா அரசாங்கம். 1967-இல் அங்கே வேலை பார்த்த சுமார் 18,000 ஆண் அரசு ஊழியர்களை ஆய்வாளர்கள் பரிசோதித்தார்கள். பிறகு பல ஆண்டுகள் அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். இந்த ஆய்வை உலகறியச் செய்தவர் மைக்கேல் மார்மட் என்கிற மருத்துவ ஆய்வாளர்.

கிடைத்த முடிவு தலைகீழாக இருந்தது. முதல் ஏழரை ஆண்டுகளில் இதயநோயால் இறந்தவர்களைக் கணக்கிட்டபோது, உயரதிகாரிகளைவிடக் கடைநிலை ஊழியர்களின் இறப்பு விகிதம் மூன்று மடங்குக்கும் மேல்.

"ஏழைங்க, அதான் சீக்கிரம் சாகுறாங்க, இதுல என்ன ஆச்சரியம்?"னு நீங்க கேட்கலாம். இங்கேதான் விஷயமே இருக்கு. இவர்கள் யாருமே பட்டினி கிடந்தவர்கள் அல்ல. எல்லோருக்கும் நிரந்தர அரசு வேலை, மாதச் சம்பளம், ஓய்வூதியம். 1948 முதலே அங்கே அரசு மருத்துவம் எல்லோருக்கும் உண்டு. அதைவிட முக்கியமானது இன்னொன்று. வித்தியாசம் உச்சிக்கும் அடிக்கும் நடுவில் மட்டும் இல்லை. உயரதிகாரிக்கு அடுத்த படியில் இருந்தவர், அவரும் நன்றாகச் சம்பாதிப்பவர்தான், அவருடைய ஆரோக்கியமும் உயரதிகாரியைவிட ஒரு படி கீழே இருந்தது. அவரைவிட கிளார்க். கிளார்க்கைவிட பியூன். மாடிப்படி மாதிரி, ஒவ்வொரு படிக்கும் ஒரு வித்தியாசம்.

சரி, கீழ்ப்படியில் இருந்தவர்கள் அதிகமாக சிகரெட் பிடித்திருப்பார்களோ? ஆமாம், பிடித்தார்கள். அதையும் ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துப் பார்த்தார்கள். அதெல்லாம் சேர்ந்தும் இந்த வித்தியாசத்தில் பாதியைக்கூட விளக்கவில்லை.

மிச்சம் எங்கே? அதைத் தேடி 1985-இல் இரண்டாவது ஆய்வு தொடங்கியது. இந்த முறை பெண்களும் உண்டு, மொத்தம் 10,308 பேர். அவர்களிடம் வேலையைப் பற்றியே கேட்டார்கள். உங்க வேலையை எப்படிச் செய்யணும்னு நீங்க முடிவு பண்ண முடியுமா? எப்போ ஓய்வெடுக்கலாம்னு உங்களால சொல்ல முடியுமா? இப்படியான கேள்விகள். "என் வேலையில் எனக்குப் பெரிதாகச் சொல்வாக்கு இல்லை" என்று பதில் சொன்னவர்களுக்குப் பின்னாளில் இதயநோய் வருவது அதிகமாக இருந்தது. படிப்படியான அந்த வித்தியாசத்தில் ஒரு பெரும் பங்கை இந்த ஒரு விஷயம் விளக்கியது.

அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் கராசெக் 1979-லேயே இதை ஒரு கருத்தாக முன்வைத்திருந்தார். வேலைப்பளு மட்டும் ஆளைச் சாய்ப்பதில்லை. பளு அதிகமாகவும் அதன்மேல் நமக்கிருக்கும் பிடி குறைவாகவும் இருக்கும்போதுதான் உடம்பு அடிவாங்கும் என்றார். உயரதிகாரிக்கு டென்ஷன் உண்டு. ஆனா மீட்டிங்கைத் தள்ளிவைக்க அவரால முடியும். பியூனால மணிச்சத்தத்தைத் தள்ளிவைக்க முடியுமா?

உடம்புக்குள்ள என்ன நடக்குது? ஆபத்து என்று தோன்றினால் அட்ரினலின், கார்டிசால் போன்ற ஹார்மோன்கள் சுரக்கும், ரத்த அழுத்தம் ஏறும். ஆபத்து போனதும் இறங்கிவிட வேண்டும். எப்போது யார் கூப்பிடுவார்கள், எதற்குத் திட்டுவார்கள் என்று தெரியாமலே வருஷக்கணக்கில் இருந்தால், ஏறியது சரியாக இறங்குவதில்லை. வேலை நேரத்தில் மேல்நிலை, கீழ்நிலை ஊழியர்களின் ரத்த அழுத்தம் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் இருந்தது. வீட்டுக்குப் போன பிறகு மேல்நிலை ஊழியர்களுக்கு அது நன்றாக இறங்கியது; கீழ்நிலையில் இருந்தவர்களுக்கு அவ்வளவாக இறங்கவில்லை. ஆபீஸை வீட்டுக்கு எடுத்துட்டுப் போறது லேப்டாப் மட்டும் இல்லைங்க, ரத்தக்குழாயும்தான்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வேலை மட்டுமே காரணம் என்று யாரும் சொல்லவில்லை. சின்ன வயதில் கிடைத்த சாப்பாடு, படிப்பு, வளர்ந்த வீடு எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் கடந்துபோன குழந்தைப் பருவத்தை மாற்ற முடியாது. ஆபீஸை மாற்ற முடியும்.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். தி.நகரில் ஒரு துணிக்கடைக்குள்ள போறீங்க. புடவை எடுத்துக் காட்டுற அக்காவை கவனிச்சிருக்கீங்களா? காலையில இருந்து ராத்திரி வரைக்கும் நின்னுட்டே இருப்பாங்க. கஸ்டமர் இல்லாத நேரத்துலயும் உட்காரக் கூடாது, சுவர்ல சாயக் கூடாது. கால் வலி, நரம்புச் சுருட்டல் எல்லாம் வரும். அதோட, கண்காணிப்பாளர் பார்க்கிறாரா என்ற பயமும் நாள் முழுக்கக் கூடவே நிற்கும். உட்காருவதா வேண்டாமா என்பதைக்கூடத் தானாக முடிவெடுக்க முடியாத வேலை. ஒயிட்ஹால் ஆய்வு சொன்னதை இதைவிட எளிமையாகக் காட்ட முடியாது.

கேரளத்தில் துணிக்கடைப் பெண்கள் இதற்காகப் பல ஆண்டுகள் போராடினார்கள். 2018-இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. 2021-இல் தமிழ்நாடும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்தது. ஊழியர்கள் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை வசதி செய்துதர வேண்டியது கடைக்காரரின் கடமை. ஒரு நாற்காலிக்குச் சட்டசபை வரை போக வேண்டியிருந்தது. அடுத்த முறை கடைக்குப் போகும்போது அந்த நாற்காலி இருக்கிறதா, அதில் யாராவது உட்காருகிறார்களா என்று பாருங்கள்.

இதைக் கேட்டுட்டிருக்கிற பலர் ஐடியிலயோ, கால் சென்டர்லயோ, டெலிவரியிலயோ இருப்பீங்க. பாத்ரூம் போன நிமிஷத்தைக் கணக்கு வைக்கிற சாஃப்ட்வேர், முந்தின நாள் ராத்திரி மாறும் ஷிப்ட், காரணம் சொல்லாம ஐடியை முடக்குற ஆப், எல்லாமே அந்த மணிச்சத்தத்தின் புது வடிவம்தான். நிறுவனங்கள் இதற்கு யோகா வகுப்பு வைக்கிறார்கள். யோகா நல்லதுதான், செய்யுங்க. ஆனா ஷிப்டை ஒரு வாரம் முன்னாடியே சொல்றதும் ஆரோக்கியத் திட்டம்தான்.

கடைசியா ஒரு விஷயம். நீங்க நாளைக்கு டீம் லீட் ஆவீங்க, மேனேஜர் ஆவீங்க. அப்போ உங்களுக்குக் கீழே இருப்பவரின் சம்பளத்தை உயர்த்த உங்களுக்கு அதிகாரம் இல்லாமல் போகலாம். "இந்த வேலையை எப்படிச் செய்யலாம்னு நினைக்கிறீங்க?"ன்னு கேட்க, கேட்டதை நடைமுறைப்படுத்த, பெரும்பாலும் யார் அனுமதியும் தேவைப்படாது. உங்க வீட்டுக்கு வேலைக்கு வர்ற அக்காகிட்டயும் அப்படித்தான். "எத்தனை மணிக்கு வந்தா உங்களுக்கு வசதி?"ன்னு கேட்டுப் பாருங்க.