பள்ளி நூலகத்திலிருந்து ஒரு நூலை அகற்றும் அதிகாரம் யாருக்கு?

(மைசூரு ஹெப்பாளில், தமிழ் பேசும் கட்சி உறுப்பினர்களிடையே நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பள்ளி நூலகத்திலிருந்து ஒரு நூல் வெளியேறுவது பெரும்பாலும் அரசாணையால் அன்று. ஒரு தொலைபேசி அழைப்பு வருகிறது. அல்லது நான்கு பேர் தலைமையாசிரியர் அறைக்குள் நுழைந்து குரலை உயர்த்துகிறார்கள். இடமாற்றத்துக்கு அஞ்சும் தலைமையாசிரியர், எதற்கு வம்பு என்று நூலைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார். காகிதத்தில் எதுவும் பதிவாவதில்லை. ஆகவே மேல்முறையீடு செய்வதற்கும் வழியில்லை. மதவெறி சக்திகளின் பலம் இந்த எழுதப்படாத நடைமுறையில்தான் அடங்கியிருக்கிறது. புகாரை எழுத்தில் கொடுங்கள், காரணத்தைச் சொல்லுங்கள், நூலை முழுமையாகப் படித்த பிறகே முடிவெடுக்கப்படும் என்று கூறும் நிலையை ஒவ்வொரு பள்ளியிலும் உருவாக்குவதே ஜனநாயக சக்திகளின் கடமை.

சட்டம் கோருவது என்ன?

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருக்க வேண்டும் என்கிறது. நாளிதழ்களும் இதழ்களும், கதை நூல்கள் உள்ளிட்ட எல்லாப் பாடப் பொருள்கள் குறித்த நூல்களும் அங்கே இருக்க வேண்டும் என்று அதன் அட்டவணை வரையறுக்கிறது. நூலகம் பள்ளி நிர்வாகம் அளிக்கும் சலுகை அன்று. குழந்தையின் சட்டபூர்வ உரிமை.

ஒரு நூலைப் பறிமுதல் செய்யும் அதிகாரம், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 98ஆவது பிரிவின்படி மாநில அரசுக்கு உண்டு. ஆனால் அது அறிவிக்கையாக வெளியிடப்பட வேண்டும். அதில் காரணங்கள் கூறப்பட வேண்டும். பாதிக்கப்பட்டவர் இரண்டு மாதங்களுக்குள் உயர்நீதிமன்றத்தை அணுகலாம்.

காரணம் கூற வேண்டும் என்ற இந்த ஒரு நிபந்தனை எவ்வளவு வலிமையானது என்பதற்குப் பெரியாரின் இராமாயண ஆய்வு நூலே சான்று. அதன் இந்தி மொழிபெயர்ப்பை வெளியிட்டவர் லலாய் சிங் யாதவ். 1969இல் உத்தரப்பிரதேச அரசு அந்நூலைப் பறிமுதல் செய்தது. ஆணையில் முறையான காரணங்கள் கூறப்படவில்லை என்று அலகாபாத் உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மாநில அரசின் மேல்முறையீட்டை 1976 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அவசரநிலைக் காலத்தில் வெளிவந்த அந்தத் தீர்ப்பை எழுதியவர், 1957இல் இ.எம்.எஸ். அமைச்சரவையில் இடம்பெற்றிருந்த வி.ஆர். கிருஷ்ணய்யர்.

பேச்சுவார்த்தை என்ற பெயரில்

சட்டவழி கடினமானது என்பதால்தான் எதிரிகள் குறுக்குவழியை நாடுகிறார்கள். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010இல் வெளிவந்தது. நான்காண்டுகள் கழித்து, 2014 டிசம்பரில், திருச்செங்கோட்டில் அதற்கு எதிராகக் கிளர்ச்சி மூட்டப்பட்டது. அரசு அந்நூலைத் தடை செய்யவில்லை. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தை நடத்தப்பட்டது. நிபந்தனையற்ற மன்னிப்பும், விற்காத படிகளைத் திரும்பப் பெறும் உறுதியும் எழுத்தாளரிடமிருந்து பெறப்பட்டன. தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் சார்பில் ச. தமிழ்ச்செல்வன் நீதிமன்றம் சென்றார். அந்த உடன்பாடு எவரையும் கட்டுப்படுத்தாது என்று 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பள்ளி நூலகத்தின் நிலை இன்னும் பலவீனமானது. 2024 அக்டோபரில், ராஜஸ்தான் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டிருந்த நூல்கள் சிலவற்றைத் திரும்பப் பெற அம்மாநில பாஜக அரசு உத்தரவிட்டது. ஹர்ஷ் மந்தர் எழுதிய நூலும் அவற்றுள் ஒன்று. கோத்ரா நிகழ்வைப் பற்றிய பகுதி காரணமாகக் காட்டப்பட்டது. ஒரு நூலைத் தடை செய்வது வேறு; அரசு தன் பள்ளிகளுக்கு வாங்கிய நூலைத் திரும்பப் பெறுவது வேறு. பின்னதற்கு 98ஆவது பிரிவின் காப்புகள் பொருந்துவதில்லை. இந்த இடைவெளியை நிரப்பவே பள்ளி அளவில் ஒரு நடைமுறை தேவைப்படுகிறது.

நடைமுறை எப்படி அமைய வேண்டும்?

முதலாவதாக, புகார் எழுத்தில் பெயருடன் தரப்பட வேண்டும். எந்த நூல், எந்தப் பக்கம், நூல் முழுவதும் படிக்கப்பட்டதா, கோரப்படுவது என்ன என்பன அதில் இருக்க வேண்டும்.

இரண்டாவதாக, முடிவு வரும்வரை நூல் தட்டிலேயே இருக்க வேண்டும். புகார் வந்தவுடன் நூலை எடுத்து வைத்துவிட்டால், விசாரணைக்கு முன்பே தண்டனை நிறைவேறிவிடுகிறது.

மூன்றாவதாக, ஆசிரியர், பெற்றோர், பொது நூலகர், துறையறிந்த ஒருவர் கொண்ட சிறு குழு நூலை முழுமையாகப் படித்து, குறித்த நாளுக்குள் முடிவு கூற வேண்டும். வயதுக்குப் பொருந்துமா, உண்மைக்கு மாறான செய்தி உண்டா என்பவையே அளவுகோல்கள். கருத்து பிடித்திருக்கிறதா என்பது அளவுகோல் ஆகாது.

நான்காவதாக, முடிவும் அதற்கான காரணமும் எழுத்தில் தரப்பட வேண்டும். அவ்வாறு எழுதப்பட்டதை வட்டாரக் கல்வி அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் நகலும் பெறலாம்.

புகார் கொடுப்பவர் எல்லோரும் பிற்போக்காளர் அல்லர் என்பதையும் மறக்கலாகாது. ஏழு வயதுக் குழந்தையின் கையில் கொடூரமான படம் கொண்ட நூலைக் கண்டு தாய் கவலைப்படுவது இயல்பு. தம் சாதியை இழிவுபடுத்தும் சொல்லைப் பாடக்கதையில் கண்ட தலித் பெற்றோர் கேள்வி கேட்பது நியாயம். அவர்களை மரியாதையுடன் உட்காரவைத்துக் கேட்பதற்கும் இதே நடைமுறை பயன்படும். தம் பிள்ளைக்கு ஒரு நூல் வேண்டாம் என்று கூறும் உரிமை பெற்றோருக்கு உண்டு. ஊரார் பிள்ளைகள் அனைவருக்கும் அது வேண்டாம் என்று ஒருவர் தனித்து முடிவு செய்ய முடியாது.

நடைமுறை மட்டும் போதுமா?

போதாது. 1929இல் இதே மைசூரில் பிறந்தவர் ஏ.கே. ராமானுஜன். பல இராமாயண மரபுகளைக் குறித்த அவருடைய கட்டுரையை ஆராய டெல்லிப் பல்கலைக்கழகம் நான்கு வல்லுநர்களை நியமித்தது. மூவர் அதற்கு ஆதரவாகவே கருத்துரைத்தனர். ஆயினும் 2011 அக்டோபரில் கல்விக் குழு அதைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. பத்தாண்டுகள் கழித்து, 2021 ஆகஸ்டில், அதே பல்கலைக்கழகம் மகாசுவேதா தேவி, பாமா, சுகிர்தராணி ஆகியோரின் படைப்புகளை ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது.

அமெரிக்காவிலும் இதுவே நடந்தது. நியூயார்க் மாநிலத்தின் ஐலண்ட் ட்ரீஸ் பள்ளி வாரியம், தானே அமைத்த ஆய்வுக் குழுவின் பரிந்துரையைப் புறக்கணித்து நூலக நூல்களை அகற்றியது. மாணவர்கள் வழக்குத் தொடுத்தனர். கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் பள்ளி நூலகத்திலிருந்து நூலை அகற்றலாகாது என்ற நிலைப்பாட்டை அந்நாட்டு உச்சநீதிமன்றத்தின் முதன்மைக் கருத்துரை 1982இல் எடுத்துரைத்தது. விதி ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. அதை மீறுவோரைத் தட்டிக்கேட்கும் மக்கள் திரள் வேண்டும்.

கட்சிக்கு உவப்பில்லாத நூல்

இங்கே ஒரு கடினமான கேள்வி எழுகிறது. நூலகத்தில் ஹெட்கேவாரையோ சாவர்க்கரையோ போற்றும் நூல் இருந்தால் என்ன செய்வது? 2022இல் ரோஹித் சக்ரதீர்த்தா குழு கர்நாடகப் பாடநூல்களைத் திருத்தி, ஹெட்கேவார் உரையைப் பத்தாம் வகுப்புக் கன்னடப் பாடநூலில் நுழைத்தது. மைசூரில் வாழும் தேவனூர மகாதேவ தம் படைப்பைப் பயன்படுத்தும் அனுமதியைத் திரும்பப் பெற்றார். 2023 ஜூனில் புதிய அரசின் அமைச்சரவை அத்தகைய பாடங்களை நீக்க முடிவு செய்தது. அது சரியான முடிவே. பாடநூல் ஒவ்வொரு மாணவர் மீதும் கட்டாயமாகச் சுமத்தப்படுவது. நூலகம் அப்படியன்று, அங்கே மாணவரே தேர்ந்தெடுக்கிறார்.

ஆகவே நூலகத்தில் உள்ள அத்தகைய நூலுக்கும் மேற்கூறிய நடைமுறையே பொருந்தும். உண்மைக்கு மாறான செய்தி இருந்தால் பக்கம் குறிப்பிட்டு எழுத்தில் புகார் தர வேண்டும். அதன் அருகில் பகத்சிங்கின் 'நான் ஏன் நாத்திகன்?' இடம்பெறச் செய்ய வேண்டும். அதைத் தமிழாக்கியதற்காக 1930களில் ஜீவா சிறை சென்றார். அந்த மரபில் வந்தவர்கள் தலைமையாசிரியர் அறைக்குள் நுழைந்து மேசையைத் தட்டலாகாது. இன்று அவர்கள் கையாளும் மிரட்டல், நாளை எதிரியின் மிரட்டலுக்கு நியாயம் கற்பித்துவிடும்.

ஹெப்பாளில் உடனடிப் பணிகள்

தனியார் உதவிபெறாப் பள்ளிகள் நீங்கலாக, ஏனைய பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். குழுவில் பாதிப்பேர் பெண்கள். கர்நாடகத்தில் அது எஸ்.டி.எம்.சி. என வழங்கப்படுகிறது. தொழிற்பேட்டையில் உழைக்கும் தோழர்கள் ஷிப்டு முடிந்து களைத்து வருபவர்கள். பள்ளிக் கூட்டம் அவர்களுக்குக் கூடுதல் சுமைதான். ஆயினும் அந்த நாற்காலி காலியாக இருந்தால், அதில் வேறு யார் வந்து அமர்வார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் நூலகம் திறக்கப்படுகிறதா, நூற்பட்டியல் இருக்கிறதா என்பதைத் தோழர்கள் முதலில் கேட்டறிய வேண்டும். அடுத்து, நான்கு அம்ச நடைமுறையைக் கன்னடத்தில் எழுதி, அமைதியான காலத்திலேயே குழுவின் தீர்மானமாக நிறைவேற்ற வேண்டும். புகார் வெடித்த பிறகு அதற்கு நேரம் இருக்காது. இதைத் தமிழர் கோரிக்கையாகத் தனித்து எழுப்பாமல், கன்னட ஆசிரியர்களோடும் முற்போக்கு எழுத்தாளர்களோடும் இணைந்து எழுப்ப வேண்டும். அவ்வாறு தீர்மானம் நிறைவேறிய பள்ளியில், அடுத்த முறை மிரட்டல் வரும்போது, எழுதிக் கொடுங்கள் என்று கூறும் துணிவு தலைமையாசிரியருக்குக் கிடைக்கும்.