மறுபடியும் வரச் சொன்னால்

 

பெங்களூரில் சித்தாள் வேலை செய்யும் ஓர் அக்காவை நினைத்துக்கொள்வோம். வயது 42. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுக் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்குப் போனார். இதைப் பாப் ஸ்மியர் என்பார்கள். சின்னக் குச்சியாலோ பிரஷ்ஷாலோ கர்ப்பப்பை வாயில் லேசாக வழித்து எடுப்பார்கள். அதைக் கண்ணாடித் துண்டில் தடவி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். புற்றுநோய் வரும் முன்பே அதன் அடையாளத்தைக் கண்டுபிடிக்கலாம்.

ரிப்போர்ட் வந்தது. "எடுத்தது போதவில்லை, திரும்ப எடுக்கணும்" என்றார் நர்ஸ். பாதி கன்னடம், பாதி தமிழ். அக்காவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. "ஏதோ இருக்கிறது, மறைக்கிறார்கள்" என்று அழுதார். "ஒன்றும் இல்லை, அதனால்தான் அப்படிச் சொல்கிறார்கள். விடு" என்றார் பக்கத்து வீட்டு அம்மா.

இரண்டும் தவறு. நோய் உண்டு என்றும் அர்த்தமில்லை, இல்லை என்றும் அர்த்தமில்லை. பதில் இன்னும் வரவில்லை. எடுத்தது குறைவாக இருந்திருக்கும். அல்லது ரத்தமோ சீழோ மறைத்திருக்கும்.

சாதாரணமாக 2 முதல் 4 மாதத்துக்குள் திரும்ப எடுப்பார்கள். தேதியைக் கேட்டு நீங்களே நோட்டில் எழுதுங்கள். இப்போதுதான் எழுதத் தெரியுமே! மறுபடி ஒரு நாள் கூலி போகும். வருத்தம்தான். மேஸ்திரியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மாதவிலக்கு நாளில் போக வேண்டாம். அதற்கு முந்தைய 2 நாள் கணவரோடு சேர வேண்டாம். உள்ளே மருந்து வைக்கவோ தண்ணீர் விட்டுக் கழுவவோ வேண்டாம். கிருமித் தொற்று இருந்தால் முதலில் அதற்கு மருந்து கொடுப்பார்கள். மாதவிலக்கு நின்றவர்களுக்கு உள்ளே வறண்டிருக்கும். அவர்களுக்கு டாக்டர் சில சமயம் களிம்பு கொடுத்துவிட்டு, பிறகு எடுப்பார். இரண்டாம் முறையும் சரியாக வராவிட்டால், கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியால் நேராகவே பார்ப்பார்கள்.

ஆனால் கணவரோடு சேர்ந்தபின் ரத்தம் வந்தாலோ, மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் பட்டாலோ, அந்தத் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது. உடனே டாக்டரிடம் போக வேண்டும். கே.ஆர். மார்க்கெட் அருகே வாணி விலாஸ் அரசு மருத்துவமனை இருக்கிறது. 1935 முதல் பெண்களுக்கு வைத்தியம் பார்க்கும் இடம். நிம்ஹான்ஸ் பக்கத்தில், 1973-இல் தொடங்கிய கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது.

பழைய ரிப்போர்ட்டையும் கொண்டுபோங்கள். அது ஆங்கிலத்தில் இருக்கும். பெயரை நர்ஸிடம் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். வயதும் தேதியும் எண்ணில்தான் இருக்கும். அவற்றை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.