சிங்கத்துகிட்ட "மூச்சை இழுத்துப் பிடிங்க"ன்னு யாரு சொல்றது?

ஜிஎஸ்டி ரோட்ல தாம்பரம் தாண்டிப் போறவங்க எல்லாருக்கும் வண்டலூர் ஜூ தெரியும். 2021 மே கடைசியில அங்க சில சிங்கங்கள் சரியா சாப்பிடல, இருமல் வேற. 11 சிங்கங்களோட சாம்பிள் போபால் லேபுக்குப் போச்சு. 9 சிங்கத்துக்கு கொரோனா. ஜூன் 3-ம் தேதி நீலாங்கிற 9 வயசு பெண் சிங்கம் இறந்துடுச்சு. அதே மாசம் 12 வயசு ஆண் சிங்கம் ஒண்ணும் போயிடுச்சு.

அந்த நேரத்துல நம்ம வீடுகள்ல பாதிப் பேர் நெஞ்சு சிடி எடுத்துட்டு வந்தோம். அப்போ சிங்கத்துக்கும் எடுத்தா என்ன? வண்டலூர்ல என்ன சிகிச்சை கொடுத்தாங்கங்கிறதுக்குள்ள நான் போகல. பொதுவா இந்தக் கேள்வி ஏன் கஷ்டம்னு மட்டும் பேசுவோம்.

சிடி ரூம்ல நம்மகிட்ட "மூச்சைப் பிடிங்க"ன்னு ஸ்பீக்கர்ல சொல்வாங்க. நெஞ்சு அசைஞ்சா படம் கலங்கிடும். சிங்கத்துக்கு மயக்க மருந்து கொடுத்தே ஆகணும். சிக்கலே அங்கதான். சைலசின் மாதிரி மருந்து மூச்சை மந்தமாக்கும். ஏற்கெனவே நுரையீரல் சரியில்லாத மிருகம்! அதோட, ஒரே பக்கமா கொஞ்ச நேரம் படுத்திருந்தாலே கீழ்ப்பக்க நுரையீரல் சுருங்கிடும். படத்துல அது நிமோனியா மாதிரியே தெரியும். பரிசோதனையே நோயைக் காட்டுற மாதிரி ஒரு பொய் பண்ணுது. எங்க பாஷையில, டெஸ்ட்டே உண்டாக்குற பக்.

அதனால தொண்டைக்குள்ள டியூப் போட்டு, பையை அமுக்கி நுரையீரலை விரிச்சு, சில நொடி அப்படியே பிடிச்சு வெச்சு ஸ்கேன் எடுப்பாங்க. "மூச்சைப் பிடிங்க"ங்கிற வார்த்தையை ஒரு கை செய்யுது.

எம்ஆர்ஐ இன்னும் மோசம், ஏன்னா நிமிஷக்கணக்குல ஓடும். ஆராய்ச்சி லேப்ல எலிக்கு ஸ்கேன் எடுக்கிறப்போ, உடம்போட ஒட்டி காத்து நிரப்புன ஒரு குட்டித் தலகாணி வைப்பாங்க. மூச்சு விடுறப்போ அதுல அழுத்தம் மாறும். மூச்சு அடங்குற இடைவெளியில மட்டும் மெஷின் டேட்டா எடுக்கும். இதுக்குப் பேரு கேட்டிங். இன்னொரு வழி எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஸ்கேன் டேட்டாவுலயே மொத்த சிக்னலோட அளவு திரும்பத் திரும்ப கிடைக்குது. நெஞ்சு ஏறி இறங்கும்போது அதுவும் ஏறி இறங்கும். தனி சென்சாரே வேணாம், படத்தைக் கெடுத்த அசைவே மூச்சுக் கணக்கைச் சொல்லிடும். செல்ஃப் கேட்டிங்னு பேரு.

நான் உடனே, "பீக் எண்ணுனா போதும், பத்து லைன் கோடு"ன்னு நினைச்சேன். இல்லையாம். கெட்டமின் கொடுத்த பூனை இனங்கள் சில சமயம் மூச்சை உள்ள இழுத்துட்டு அப்படியே நிக்கும், அப்புறம்தான் விடும். என் கோடு அதை "மூச்சு நின்னுச்சு"ன்னு அலாரம் அடிக்கும். இல்லன்னா, நிஜமா நின்னதை இந்த இடைவெளின்னு விட்டுடும். ரெண்டாவதுதான் பயம். நாக்குல மாட்டுற ஆக்சிஜன் கிளிப்பும் இதுக்குக் காப்பாத்தாது. ஆக்சிஜன் கொடுத்துட்டு இருக்கும்போது மூச்சு நின்னா, நம்பர் இறங்க நேரம் ஆகும். வெளிவிடுற கார்பன் டை ஆக்சைடை அளக்கிற மானிட்டர்ல அந்த அலை உடனே தட்டையாகும்.

அதனால ஸ்கிரீன்ல எத்தனை கிராஃப் ஓடினாலும், நெஞ்சு ஏறுதா இறங்குதான்னு கண்ணால பாத்துட்டே ஒருத்தர் இருப்பாரு. அந்த வேலையை என் பத்து லைன் கோடுகிட்ட நான் கொடுக்க மாட்டேன்.