திண்ணைச் சீட்டு



சீட்டாட்டத்தைப் பற்றி வானொலியில் பேச வந்தவன் அதைக் கண்டிக்கவே வந்திருப்பான் என்று நீங்கள் எண்ணக்கூடும். நான் ஆடுகிறவன். வலங்கைமானில், குடமுருட்டி ஆற்றுக்கு அருகே ஒரு திண்ணையில், கோடைதோறும் முந்நூற்று நான்கு ஆடும் நால்வரில் நானும் ஒருவன். சம்பா அறுவடையாகி, உளுந்தும் பயறும் வீடு வந்து சேர்ந்துவிட்டால், மேட்டூரில் தண்ணீர் திறக்கும் வரையில் எங்கள் பக்கத்தில் பகற்பொழுது மிகவும் நீளமானது.

ஆட்டத்தை அறியாதவர்களுக்குச் சிறிது சொல்லுகிறேன். கட்டிலிருந்து 32 சீட்டுகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டும் ஏழும் வெறும் சீட்டுகள். ஒரு ஜாதிக்கு 76 ஆயிற்று. நான்கு ஜாதிக்கு 304. ராஜாவையும் ராணியையும் ஒன்பதுக்குக் கீழே உட்கார வைத்தவர்கள் குறும்புக்காரர்களாகத்தான் இருக்கவேண்டும்! எதிரெதிரே அமர்ந்த இருவர் ஒரு கட்சி. முதல் நான்கு சீட்டுகளைப் பார்த்தவுடனேயே கேள்வி கேட்கவேண்டும். கேட்டவர் துருப்பைக் கவிழ்த்து வைப்பார். மற்ற நான்கும் பிறகுதான் கைக்கு வரும். ஆகையால் பாதி அறிவு, பாதி துணிவு. எங்கள் பந்தயம் புளியங்கொட்டை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் வேளை வந்ததும் ஆட்டம் நடுவிலேயே கலைந்துவிடும். தோற்றுக்கொண்டிருப்பவருக்கு அது பெரிய வரம்.

2022ஆம் ஆண்டு என் தங்கை மகன் ஊருக்கு வந்திருந்தான். ஒருவர் வராத குறைக்கு அவனை உட்கார்த்தினோம். விழுந்த சீட்டு ஒன்றையும் அவன் மறக்கவில்லை. எங்களில் எவரும் அவனுக்கு ஈடில்லை. நான் அசட்டுத்தனமாக ஒரு கையைக் கெடுத்தபோது மற்றவர்கள் சிரித்தார்கள். அவன் முகம் மட்டும் வெளுத்துவிட்டது.

"மாமா, இதில் காசே கிடையாதா? அப்படியானால் எப்போது நிறுத்துவதென்று எப்படித் தெரியும்?" என்று கேட்டான்.

அன்றிரவுதான் விஷயம் வெளிவந்தது. கைப்பேசியில் ரம்மி ஆடி, சாகுபடிக்காகத் தகப்பனார் வாங்கியிருந்த கடன் பணத்தை இழந்திருந்தான். ரம்மி திறமையின் ஆட்டமென்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறதே என்று வாதமும் செய்தான். மெய்தான், செகந்தராபாத்தில் ஒரு சங்கத்தைப் பற்றிய வழக்கில், 1967இல், விழும் சீட்டுகளை நினைவில் வைக்கத் திறமை வேண்டும் என்று சொன்னது. அதே தீர்ப்பில், ஆட்டம் நடத்துகிறவர் அதிலிருந்து ஆதாயம் எடுத்தால் குற்றமாகலாம் என்றும் இருக்கிறது. அதை அவனுக்கு எவரும் எடுத்துச் சொல்லவில்லை. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியோடு போக்கரையும் திறமை ஆட்டமாகவே கருதியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ, திறமையா அதிருஷ்டமா என்ற விவகாரத்தையே ஒதுக்கிவிட்டு, இணையத்தில் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களுக்குத் தடை விதித்தது.

என் மருமகனுக்குத் திறமை இருந்ததை நான் கண்ணால் கண்டவன். அந்தத் திறமைதான் அவனை எழுந்திருக்க விடவில்லை. அடுத்த கை நமதே என்று அது இரவெல்லாம் அவன் காதில் ஓதியிருக்கிறது. அவனை எழுப்ப அங்கே ஒரு மாடுகூட இல்லை.

தகப்பனார் நிலத்தில் ஒரு பகுதியை ஒத்தி வைத்துக் கடனை அடைத்தார். சென்ற கோடையில் பையன் மறுபடியும் வந்தான். சீட்டைத் தொடவில்லை, திண்ணையோரம் அமர்ந்து புளியங்கொட்டைக் கணக்கை மட்டும் பார்த்துக்கொண்டான். என் பக்கம் பதினொன்று குறைகிறதாம்.