எங்கள் தங்கச்சியின் 31ஆம் நாளில்



31 நாளாக அவளுடைய கொழுந்துக் கூடை எங்கள் காம்பராவில் தொங்குகிறது. எடுக்க மனம் வரவில்லை. அண்ணன்மார் நாங்கள் மூவர், கடைக்குட்டி அவள். வயது 26.

அன்று மகனுக்கு ரொட்டி சுட்டு வைத்துவிட்டுத்தான் பிரட்டுக்குப் போனாள். பத்து மணிக்கு மலையில் குளவி கலைந்தது. பக்கத்து நிரையில் நின்ற பெரியம்மாவைப் படங்கால் மூடிவிட்டு ஓடியவளை மொய்த்துக்கொண்டது. லொறியில் ஏற்றினோம். ஆஸ்பத்திரி போகுமுன்பே மூச்சு நின்றுவிட்டது.

அந்த மரத்தில் கூடு இருந்தது எல்லாருக்கும் தெரியும். நாங்களும் பார்த்தோம், பேசாமல் இருந்தோம். அதுதான் இன்றும் நெஞ்சை அறுக்கிறது.

இனிமேல் கூட்டைக் கண்டால் பிரட்டிலேயே சொல்லுவோம். அதை அகற்றும்வரை அந்த மலையில் யாரும் இறங்க வேண்டாம். அவள் மகனை நாங்கள் படிக்க வைப்போம்.