அண்டை வீட்டுச் சாளரம்
(ஆலங்குளத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)

ஊராட்சி உறுப்பினர்களே, உழவர் பெருமக்களே!

1970-ஆம் ஆண்டு முதல் சிமெண்டு ஆலை இயங்கிவந்த ஊர் இது. ஓட்டு வீடுகள் இருந்த இடங்களில் இன்று மெத்தை வீடுகள் எழுகின்றன, கண்டு மகிழ்கிறோம். ஆயினும், ஒரு வீட்டில் மாடி உயர்ந்து சாளரம் திறந்ததும், அடுத்த வீட்டின் கொல்லையும் குளிக்கும் மறைப்பும் பிறர் பார்வைக்கு உள்ளாகின்றன. முற்றத்தில் தலை உலர்த்திய பெண்மணி வீட்டினுள் ஒடுங்க நேரிடுகிறது. இதனால் மூளும் பகை, வரப்புத் தகராற்றினும் கொடியது.

சட்டம் காக்காதா என்று கேட்பீர்கள். 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், 18-ஆம் பிரிவில், ஊர் வழக்கம் இருப்பின் இம்மறைவுரிமை உண்டு என்கிறது. அலகாபாத் உயர் நீதிமன்றம் 1888-இல் அத்தகைய வழக்கத்தை ஏற்றது. சென்னை உயர் நீதிமன்றமோ 1894-இல் அதனை ஏற்கவில்லை. 2017-இல் உச்ச நீதிமன்றம் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்தது. எனினும் அது முதன்மையாக அரசின் தலையீட்டினின்று காப்பதாகும். ஆகவே, சாளரத்தை மூடுக என்று வழக்காடி வெல்வது நம் பகுதியில் அரிது.

பின் செய்யத்தக்கது யாது? வானம் தோண்டும்போதே அண்டை வீட்டாருடன் அமர்ந்து பேச வேண்டும். சாளரத்தின் அடிமட்டத்தை ஆள் உயரத்திற்கு மேல் வைத்தால் காற்றும் ஒளியும் வரும்; பார்வை செல்லாது. சிமெண்டு ஜாலியும், உயர்ந்த கைப்பிடிச் சுவரும் அவ்வாறே உதவும். செலவு சிறிது, கட்டிய பின் இடிப்பதே பெருஞ்செலவு.

மறைவை இழந்தவர் தம் நிலத்தில், விதிகளுக்கு உட்பட்டுத் தடுப்புச் சுவர் எழுப்பலாம். ஆனால் காலம் தாழ்த்தலாகாது. தடையின்றி 20 ஆண்டுகள் ஒரு சாளரம் ஒளியும் காற்றும் பெற்றுவந்தால், அவற்றைப் பெறும் உரிமை அவ்வீட்டாருக்கு வந்துவிடும். பிறகு அடைப்பது எளிதன்று.

உறுப்பினர்களே! 2019-ஆம் ஆண்டின் கட்டட விதிகள் பக்கவாட்டில் இடம் விடுமாறு கூறுகின்றன. வரைபடம் ஊராட்சிக்கு வரும்போது, அந்த இடம் விடப்பட்டுள்ளதா, சாளரம் யார் கொல்லையை நோக்குகிறது என்று பாருங்கள். இரு வீட்டாரையும் அழைத்துப் பேசுங்கள். மாடி கட்டுவோர் கட்டட்டும். அடுத்த வீட்டுப் பெண்கள் தம் முற்றத்தில் அச்சமின்றி நடமாடட்டும். இவ்விரண்டும் ஒருங்கே அமைவதே கிராம முன்னேற்றம் எனக் கருதுகிறோம்.