பரிசு பெறும் மாடும் பதிவு பெறும் மாடும்



உங்கள் தோட்டத்தில் யாருடைய பசு நல்ல பசு என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். மேட்டு லயத்துக்காரர் ஒன்றைச் சொல்வார். பால் எடுத்துப் போகிறவர் வேறொன்றைச் சொல்வார். சரி, அந்தப் பசு போன ஈத்தில் எத்தனை நாள் கறந்தது, மொத்தம் எத்தனை லிட்டர், அதன் தாய் எது, அதற்குச் சேர்த்த காளை எது என்று அடுத்த கேள்வியைப் போட்டுப் பாருங்கள். பேச்சு நின்றுவிடும். மாடு வளர்ப்போர் சங்கம் என்பதும், அது நடத்தும் கண்காட்சி, போட்டி என்பதும் இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் தேடப் பிறந்தவைதாம். அவற்றைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் நம் மாட்டின் கதை. சஞ்சிக்கு ஆள் வந்த காலத்திலேயே இந்தியாவிலிருந்து மலாயாவுக்கு மாடும் கப்பலில் வந்தது. வண்டி இழுக்கக் காளை, பாலுக்குப் பசு. சிரம்பான், ரந்தாவ், பகாவ், தம்பின், கிம்மாஸ் வட்டாரத் தோட்டங்களில் லயத்துக்குப் பின்னால் கொட்டகை போட்டு இரண்டு மூன்று மாடு வைத்திருந்த குடும்பங்களுக்கு, சம்பள நாளுக்கும் அடுத்த சம்பள நாளுக்கும் இடையில் கைக்கு வந்த காசு பால் காசுதான். பள்ளிச் சீருடையும் கல்யாணச் செலவும் அதிலிருந்து வந்த வீடுகள் பல.

அந்த மாட்டுக்கு அரசாங்க ஏடுகளில் என்ன பெயர் தெரியுமா? 'லோக்கல் இந்தியன் டெய்ரி'. அதாவது உள்ளூர் இந்தியக் கறவை மாடு. காங்கேயம், ஓங்கோல் என்று ஊர்ப்பெயரோடு வந்த மாடுகள் இங்கே ஒன்றோடொன்று கலந்து ஊர் இல்லாத மாடாகிவிட்டன. 1970-களில் ப்ரீசியனும் சாகிவாலும் கலந்த பசுக்கள் வெளிநாட்டிலிருந்து வந்தன. அந்தக் கலப்பிலிருந்து இந்த நாட்டிலேயே 'மாப்ரிவால்' என்ற இனத்தை உருவாக்கினார்கள். பால் கூடியது, அதில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் நம் கொட்டகைகளில் வெயிலையும் உண்ணியையும் தாங்கி, வெறும் புல்லிலேயே தவறாமல் ஈன்று வந்த நல்ல பசுக்கள் எவை என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ரப்பர் வெட்டிச் செம்பனை வைத்தபோதும், தோட்டம் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டம் வந்தபோதும், குடும்பம் இடம் மாறியது. மாடு விலைக்குப் போனது. பத்து ஈத்து ஈன்ற பசுவின் கன்றானாலும், ஒரே ஈத்தோடு வற்றிய பசுவின் கன்றானாலும், கையில் காகிதம் இல்லாவிட்டால் இரண்டுக்கும் எடைக்கணக்கில் ஒரே இறைச்சி விலை.

இப்போது தமிழ்நாட்டுக் காங்கேயத்தைப் பார்ப்போம். அங்கே பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் பெரிய மாட்டு மந்தை வைத்திருந்தது. அந்தக் குடும்பத்து நல்லதம்பிச் சர்க்கரை மன்றாடியார், காங்கேய இனத்தைத் தெரிந்தெடுத்து வளர்த்துச் செம்மைப்படுத்தியவர் என்று இன்றும் பேசப்படுகிறார். சென்னை மாகாணக் கால்நடை அதிகாரியாயிருந்த லிட்டில்வுட் 1936-ல் தென்னிந்தியக் கால்நடைகளைப் பற்றி எழுதிய நூலிலும் காங்கேயத்துக்கு நல்ல இடம் உண்டு. காங்கேயக் கன்று பிறக்கும்போது செந்நிறம். ஆறு மாதம் ஆகும்போது சாம்பல் நிறத்துக்கு மாறும். பொலிகாளைக்குத் திமிலும் முன்பின் பகுதியும் கறுத்திருக்கும். மேய்ச்சலுக்கு அங்கே கொறங்காடு என்று ஓர் ஏற்பாடு. கிளுவை முள்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நிழலுக்கும் காய்க்கும் வெள்வேல மரம். மாட்டையும் நிலத்தையும் சேர்த்துப் பேணினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அந்தப் பக்கத்துக் கண்ணபுரம் மாரியம்மன் கோயிலில் சித்திரையில் மாட்டுச் சந்தை கூடும். அந்தியூர் குருநாதசாமி கோயிலில் ஆடியில் கூடும். சந்தை என்றுதான் பெயர். உண்மையில் அதுவே கண்காட்சி. நாலு ஊர்க் காளைகள் வரிசையாய் நிற்கும்போதுதான் தன் காளையின் தரம் தனக்கே தெரியும். வீட்டுக் கொட்டகையில் தனியாய் நிற்கும் வரை எல்லாக் காளையும் ராஜாதான்!

ஆனால் டிராக்டரும் மோட்டார் பம்பும் வந்தபின் உழவுக் காளைக்கு வேலை போயிற்று. 1990-க்குப் பிறகு பத்தே ஆண்டில் காங்கேய மாடுகளின் தொகை பாதிக்கும் கீழே இறங்கியது. அதைத் தடுக்கக் குட்டப்பாளையத்தில் சேனாபதி காங்கேயம் கால்நடை ஆராய்ச்சி மையம் ஏற்பட்டது. வாங்குவோரும் வளர்ப்போரும் நேரில் சந்திக்கவும் ஏற்பாடு நடந்தது. காங்கேயத்துக்குப் பெயரும் அடையாளமும் இருந்ததால்தான் அதைக் காப்பாற்ற ஆள் வந்தார்கள். நம் தோட்டத்து மாட்டுக்கு அந்தப் பெயர்கூட மிஞ்சவில்லை.

பதிவின் வலிமைக்கு இன்னொரு சான்று தூர தேசத்தில் இருக்கிறது. ஆந்திராவின் ஓங்கோல் மாடு பிரேசில் நாட்டுக்குப் போய் 'நெலோர்' என்று பெயர் பெற்றது. நெல்லூர் என்பதுதான் அங்கே அப்படித் திரிந்தது. 1960-களின் தொடக்கத்தில் ஓங்கோலை அடுத்த கரவதி ஊரிலிருந்து போன ஒரு காளைக்கு 'கர்வாதி' என்றே பெயர். அதன் சந்ததி அந்த நாட்டு மந்தைகளில் பரவிக் கிடக்கிறது. உபராபா நகரத்தில் இருக்கும் செபு மாடு வளர்ப்போர் சங்கம் ஒவ்வொரு பதிவு மாட்டுக்கும் தாய், தகப்பன், பிறந்த நாள், எடை எல்லாம் எழுதி வைக்கிறது. ஆண்டுதோறும் பெரிய கண்காட்சி நடத்துகிறது. 2023-ல் ஒரு நெலோர் பசுவின் பங்கு ஒன்று ஏலத்தில் விற்றது. அதைக் கொண்டு கணக்கிட்டால் முழுப் பசுவின் மதிப்பு 40 லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் வந்தது. அமெரிக்காவிலும் அப்படியே. இந்திய மாடுகளைக் கலந்து உண்டாக்கிய 'பிராமன்' இனத்துக்கு 1924-ல் வளர்ப்போர் சங்கம் அமைத்தார்கள். இன்று ஆஸ்திரேலியாவிலிருந்து பிராமன் மாட்டை நாமே விலை கொடுத்து இறக்குமதி செய்கிறோம். நம் பாட்டன் ஓட்டி வந்த மாட்டின் பங்காளியைத்தான் வாங்குகிறோம் என்பது நினைத்தால் சிரிப்பும் வரும், வருத்தமும் வரும்.

இனிப் போட்டி எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். ஒழுங்கான போட்டியில் எல்லா மாட்டையும் ஒன்றாய் நிறுத்த மாட்டார்கள். முதலில் வாயைத் திறந்து பல் பார்ப்பார்கள். பல் போடாத கன்று ஒரு வகுப்பு. இரண்டு பல், நாலு பல், ஆறு பல் என்று வகுப்பு ஏறும். எட்டுப் பல்லும் சேர்ந்தால் முழு வளர்ச்சி. பிறகு மாட்டை நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். நிற்கும்போது மறைகிற கால் குறை நடையில் தெரிந்துவிடும். முதுகு நேராக இருக்கிறதா, நெஞ்சு அகலமா, பின்னங்கால் கோணலா, குளம்பு விரிந்திருக்கிறதா என்று கண் போகும். பசுவானால் மடிதான் முக்கியம். நான்கு காம்பும் சம அளவில், மடி வயிற்றோடு ஒட்டி, கறந்தபின் துணி போலச் சுருங்க வேண்டும். கறந்தபிறகும் கல்லாய் நிற்கும் மடி நல்ல மடியாகாது.

மடியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மடி பெரிதாய்த் தெரிய வேண்டும் என்று போட்டிக்கு முன் கறக்காமல் விடுகிறவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. அது பசுவுக்குச் சித்திரவதை, மடிநோய்க்கும் வழி. இதனால்தான் பால் போட்டியில் முதல் நாள் மாலை நடுவர்கள் முன்னிலையில் மடியை முழுதாய்க் கறந்துவிடச் சொல்வார்கள். அந்தப் பால் கணக்கில் சேராது. மறுநாள் காலையும் மாலையும் கறப்பதைத்தான் நிறுத்து எழுதுவார்கள்.

சுழி பார்ப்பது என்று ஒன்று நம்மவரிடம் இருக்கிறது. கோபுரச் சுழி என்றால் விலை ஏறும். பாடைச் சுழி என்றால் நல்ல மாட்டையும் தள்ளிவிடுவார்கள். சுழி பால் கறக்காது, வண்டியும் இழுக்காது. பெரியவர்கள் நம்பிக்கையைக் கேலி செய்ய நான் வரவில்லை. ஆனால் சங்கப் போட்டியில் சுழிக்கு மதிப்பெண் இருக்கக்கூடாது. சுழிக்காக ஒதுக்கிய கிடாரிகளில் எத்தனை நல்ல கறவைகள் இறைச்சிக்குப் போயினவோ!

மாடுகள் கூடும் இடத்தில் நோயும் கூடும். கோமாரிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் கண்காட்சிக்கு மூன்று வாரம் முன்பே ஊசி போட்டிருக்க வேண்டும். முதல் நாள் போட்டால் பயனில்லை. 2021-ல் தோல் கழலை நோயும் மலேசியாவுக்குள் வந்துவிட்டது. மாட்டை ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குக் கொண்டு போகக் கால்நடை இலாகாவின் அனுமதிச் சீட்டு வேண்டும் என்பது வீண் தொல்லை என்று நினைக்கிறோம். நெகிரி செம்பிலான்காரர்கள் அப்படி நினைக்கலாமா? 1998, 1999-ஆம் ஆண்டுகளில் ஈப்போ வட்டாரத்திலிருந்து லாரியில் வந்த பன்றிகளோடுதான் நிப்பா நோய் போர்ட்டிக்சன் அருகே புக்கிட் பெலாண்டோக்குக்கு வந்தது. நாடு முழுவதும் 105 பேர் மாண்டார்கள். போட்டியிலிருந்து திரும்பிய மாட்டை இரண்டு வாரம் மற்ற மாடுகளிடமிருந்து தள்ளிக் கட்டுங்கள். தண்ணீர்த் தொட்டியும் தனியாக இருக்கட்டும்.

"இரண்டு மாடு வைத்திருக்கிற எனக்குச் சங்கம் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். இரண்டு மாட்டுக்காரர் நல்ல பொலிகாளை ஒன்றை வைத்துக் கட்டுப்படியாகாது. பத்துப் பேர் சேர்ந்தால் முடியும். அல்லது சினை ஊசிக்கு இலாகா ஆளை ஒரே நாளில் எல்லாருக்கும் வரவழைக்கலாம். ஒரே காளை தன் மகளையே சேருவது நம் தோட்டங்களில் சகஜம். யார் கன்று யாருடையது என்று எழுதாத இடத்தில் அதைத் தடுக்க வழியில்லை. மூன்றாண்டுக்கு ஒருமுறை பக்கத்துத் தோட்டத்துச் சங்கத்தோடு காளையை மாற்றிக்கொண்டாலே பெரும் பகுதி தீர்ந்துவிடும்.

மேய்ச்சல் விஷயம் இதைவிடப் பெரிது. செம்பனைக் கன்று சிறிதாயிருக்கும்போது மாடு ஓலையைக் கடித்துவிடும். நிர்வாகம் தடுப்பதில் நியாயம் உண்டு. மரம் உயர்ந்தபின் நிலைமை வேறு. மாடு களையைத் தின்றால் களைக்கொல்லிச் செலவு குறையும். முறைப்படி மேய்த்து இலாபம் கண்ட செம்பனைத் தோட்டங்கள் இந்த நாட்டில் உண்டு. ஆனால் எந்தப் பகுதியில் எந்த வாரம் மேய்ப்பது, மருந்தடித்த பகுதிக்கு எத்தனை நாள் போகக்கூடாது, மாடு சாலையில் ஏறினால் யார் பொறுப்பு என்று ஒருவர் கையெழுத்துப் போட்டுப் பேச வேண்டும். தனி ஆள் துரையிடம் போய் நின்றால் 'மாட்டை விற்றுவிடு' என்ற பதில்தான் வரும். மாட்டுத் தொகை, காது அடையாள எண், ஊசி போட்ட தேதி இவை எழுதிய ஏட்டோடு சங்கம் போனால் பேச்சு வேறு மாதிரி நடக்கும். 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி பதிவு பெற ஏழு பேர் போதும். ஒரு லயத்திலேயே ஏழு பேர் கிடைப்பார்கள்.

பிள்ளைகளை மறந்துவிட வேண்டாம். 1921-ல் இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் ஹெமியாக் என்ற ஊரில் ஒரு பால் கம்பெனி, விவசாயிகளின் பிள்ளைகளுக்குக் கன்று வளர்க்கும் கழகம் ஒன்றைத் தொடங்கிவைத்தது. நல்ல பால் வேண்டுமானால் கன்றிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது கம்பெனியின் கணக்கு. அந்த நாட்டின் இளம் விவசாயிகள் இயக்கம் அங்கிருந்துதான் வளர்ந்தது. தமிழ்நாட்டிலும் கால்நடைத் துறை முகாம்களில் சிறந்த கிடாரிக் கன்றுக்குப் பரிசு தருவது வழக்கம். நம் தோட்டத்தில் முதல் போட்டி வைப்பதானால் அதைக் கன்றுக்கே வையுங்கள். செலவு குறைவு, சண்டையும் குறைவு. பிறந்த நாளும் தாயின் எண்ணும் எழுதிய கன்றுக்கு மட்டும் இடம் என்று விதி போடுங்கள். பிள்ளையே கன்றை நடத்தி வரட்டும்.

வளர்ச்சியை அளக்கத் தராசு வேண்டாம். தையல்காரர் நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சின் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்குங்கள். தோள் முனையிலிருந்து பின்புற எலும்பு முனை வரையுள்ள நீளத்தால் மறுபடி பெருக்குங்கள். வருவதை 660-ஆல் வகுத்தால் ஏறக்குறைய எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 60, நீளம் 52 என்றால் 283 கிலோ சொச்சம். மாதம் ஒருமுறை, ஒரே நேரத்தில், தீனி வைப்பதற்கு முன் அளக்க வேண்டும். மாடு தலையைத் தாழ்த்தாமல் நேராக நிற்கட்டும். நாடா இறுக்கமாகவும் இருக்கக்கூடாது, தொங்கவும் கூடாது.